சூப்பர் ஃப்ளை, காஃபி, பிளாக் சீசர்: 70கள்ல வந்த கறுப்பின க்ரைம் படங்கள்ல அரசியல் எங்க இருக்கு?

நள்ளிரவு_ஷோ எழுதியது:

மக்களே, ரெண்டு மாசமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சு வீடு அடங்கினதும் ஒரு படம்ங்கிற கணக்குல 1970ல இருந்து 75 வரைக்கும் அமெரிக்காவுல வந்த ப்ளாக்ஸ்ப்ளாய்டேஷன் (கறுப்பினத்தவங்க ஹீரோவா வர்ற, அவங்க பாக்குறதுக்குன்னு எடுத்த) க்ரைம் படங்களா தேடித்தேடி பாத்துட்டு இருக்கேன், இது வரைக்கும் பதினாலு முடிஞ்சுது. எல்லாரையும் போல ஷாஃப்ட்லதான் ஆரம்பிச்சேன். ஆனா மனசுல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குறது 1972ல வந்த சூப்பர் ஃப்ளைதான். பேசாம இருக்க முடியல, அதான் இந்த இழை.

கதை தெரியாதவங்களுக்கு: நியூயார்க்ல கறுப்பின மக்கள் நிறைய வாழுற ஹார்லம் பகுதியில ப்ரீஸ்ட்னு ஒரு கொகெய்ன் வியாபாரி, நடிச்சது ரான் ஓ'நீல். தொழில விட்டுட்டு வெளிய போயிடணும்னு நினைக்கிறான், அதுக்கு முன்னாடி கடைசியா ஒரே ஒரு பெரிய கை. கையில இருக்குற மூணு லட்சம் டாலர போட்டு முப்பது கிலோ வாங்கி நாலு மாசத்துல வித்து பத்து லட்சமாக்கி பார்ட்னர் எடியும் அவனும் பாதிப்பாதி பிரிச்சுக்கிறதுன்னு திட்டம். எடிக்கு இது மண்டையில ஏறவே இல்ல. ஒவ்வொரு ரூம்லயும் கலர் டிவி, எட்டு ட்ராக் ஸ்டீரியோ, தினம் இழுக்குறதுக்கு சரக்கு, அமெரிக்கக் கனவுங்குறது இதுதானே, இத விட்டுட்டு எங்க போகப்போறேன்னு கேக்குறான். இது கேவலமான ஆட்டம்தான் எனக்குத் தெரியும், ஆனா அவங்க நமக்குன்னு விட்டு வச்சிருக்குறது இந்த ஒரு ஆட்டத்த மட்டும்தான்னு சொல்றான். அந்த இடத்துல படத்த நிறுத்திட்டு தண்ணி குடிக்கப் போயிட்டேன். ரெண்டு வரியில ஒரு ஊரோட பொருளாதாரத்தையே சொல்லிட்டான்.

இன்னொரு சீன். கறுப்பின விடுதலை இயக்கத்து ஆளுங்க மூணு பேரு ப்ரீஸ்ட் உக்காந்திருக்குற இடத்துக்கு வர்றாங்க. நம்ம ஜனங்க மேல சம்பாதிக்கிற, போராட்டத்துக்கு உன் பங்க குடுன்னு கேக்குறாங்க. அவன் சொல்ற பதிலு, நீங்க துப்பாக்கி தூக்கி சுட ஆரம்பிக்கிற அன்னைக்கு நான் முன்வரிசையில நிப்பேன், அது வரைக்கும் உங்க ஊர்வலப் பாட்ட வேற எங்கயாவது போய்ப் பாடுங்க. அவங்களும் எழுந்து போயிடுறாங்க. கைதட்டுறதுக்குன்னே எடுத்த சீன் அது. எனக்கு கைதட்ட வரல.

கடைசியில பாத்தா சரக்கு மொத்தமும் மேல இருந்து குடுக்குறவன் ஒரு போலீஸ் டெபுடி கமிஷனர். ப்ரீஸ்ட் அவனையே மிரட்டி வச்சிட்டு பணத்தோட கார்ல ஏறிப் போயிடுறான், படம் முடிஞ்சுது. மேல இருக்குறவன் யாருன்னு படம் சரியா விரல் நீட்டுது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா கீழ? முப்பது கிலோ வித்தாச்சு, அது யாரு மூக்குல போச்சு, அவன் வீடு என்னாச்சு? அவன படம் பாக்குதா? என் கேள்வி இதான். இந்தப் படங்கள உண்மையிலயே அரசியல் படம்னு சொல்லலாமா, இல்ல கோபத்த டிக்கெட்டா மாத்தின வியாபாரம் மட்டும்தானா? பாத்தவங்க சொல்லுங்க.

---

பழுப்புக்காகிதம் எழுதியது:

நல்ல இழை, ஆனா நீங்க கேட்ட கேள்விய அந்த 1972லயே கேட்டுட்டாங்க. ப்ளாக்ஸ்ப்ளாய்டேஷன்ங்குற சொல்லே அப்படி வந்ததுதான். என்ஏஏசிபிங்குற கறுப்பின உரிமை அமைப்போட ஹாலிவுட் பகுதி கிளைக்கு தலைவரா இருந்த ஜூனியஸ் க்ரிஃபின்தான் இந்த வார்த்தைய பரப்பினாரு, பாராட்டா இல்ல, வசவா. கறுப்பின மக்கள வச்சு சுரண்டுற படம்னு அர்த்தம். அதே வருஷம் என்ஏஏசிபி, அதே மாதிரி உரிமை அமைப்புகளான கோர், மார்ட்டின் லூதர் கிங் ஆரம்பிச்ச எஸ்சிஎல்சி எல்லாம் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ்ல இந்தப் படங்களுக்கு எதிரா ஒரு கூட்டணியே வச்சாங்க. நம்ம புள்ளைங்க முன்னாடி மாமாவையும் பவுடர் விக்கிறவனையும் ஹீரோவா நிறுத்துறீங்களேன்னுதான் அவங்க கேட்டாங்க. இன்னைக்கு ரெட்ரோ ஸ்டைல்னு போஸ்டர் வாங்கி மாட்டுறவங்க அந்தக் கோபத்த லேசா எடுத்துக்கக்கூடாது, அவங்க புள்ளைங்க வளர்ற தெருவப் பத்தின கவல அது.

காசு கணக்கையும் பாத்துடுவோம். 60கள்ல வெள்ளக்காரங்க கூட்டங்கூட்டமா நகரத்த விட்டு புறநகருக்கு போயிட்டாங்க, டெட்ராய்ட், சிகாகோ மாதிரி ஊருங்கள்ல நடு டவுன்ல இருந்த ஆயிரக்கணக்கான சீட்டு உள்ள அரண்மன தியேட்டருங்க காத்து வாங்குச்சு. பக்கத்துல இருந்தது கறுப்பின குடும்பங்கதான். எம்ஜிஎம் ஸ்டுடியோ நிலமையும் அப்ப சரியில்ல. 1971ல ஷாஃப்ட் குறைஞ்ச செலவுல எடுத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, உடனே எல்லா ஸ்டுடியோவும் வரிசையில வந்து நின்னுட்டாங்க. ஷாஃப்ட் இயக்குனர் கார்டன் பார்க்ஸ் கறுப்பினத்தவர், லைஃப் பத்திரிகையில பெரிய புகைப்படக்காரரு, சரி. ஆனா அந்தக் கதாபாத்திரத்த நாவல்ல உருவாக்கின எர்னஸ்ட் டைடிமன் வெள்ளக்காரரு. காஃபி எடுத்த ஜாக் ஹில், பிளாக் சீசர் எடுத்த லாரி கோஹன், அக்ராஸ் 110த் ஸ்ட்ரீட் எடுத்த பாரி ஷியர், மூணு பேரும் வெள்ளக்காரங்க. சூப்பர் ஃப்ளை மட்டும் கொஞ்சம் வேற, இயக்கினது கார்டன் பார்க்ஸோட பையன், ஹார்லம்ல இருந்த சில கறுப்பின வியாபாரிங்க பணம் போட்டாங்க, டெக்னீஷியன்கள்ல நிறைய பேரு கறுப்பினத்தவங்க. ஆனா ரிலீஸ் பண்ணினது வார்னர் ப்ரதர்ஸ். திரையில ப்ரீஸ்ட் வெள்ளக்காரன ஜெயிச்சு பணத்த எடுத்துட்டு போறான், தியேட்டர் கல்லாப்பெட்டியில இருந்த பணம் எங்க போச்சுங்குறத யோசிச்சுப் பாருங்க.

கடைசி வரைக்கும் முழுக்க சொந்தக் கையில வச்சிருந்தவருன்னு பாத்தா மெல்வின் வான் பீபிள்ஸ்தான். 1971ல ஸ்வீட் ஸ்வீட்பேக் படத்த எழுதி, இயக்கி, நடிச்சு, இசையும் போட்டு 19 நாள்ல எடுத்து முடிச்சாரு. பணம் பத்தாம நின்னப்ப பில் காஸ்பிகிட்ட 50,000 டாலர் கடன் வாங்கினாரு. தணிக்கைக்காரங்க பெரியவங்க மட்டும் பாக்கலாம்னு எக்ஸ் சர்டிஃபிகேட் குடுத்தாங்க, வெள்ளக்கார ஜூரி போட்ட எக்ஸ்னு அதையே விளம்பரமா அடிச்சாரு. முதல்ல ரெண்டே ரெண்டு தியேட்டர், டெட்ராய்ட்ல ஒண்ணு அட்லாண்டாவுல ஒண்ணு. அங்க கூடின கூட்டத்த பாத்துதான் ஹாலிவுட்டு கண்ணு முழிச்சுது.

---

வினைல்_வாசம் எழுதியது:

@நள்ளிரவு_ஷோ, கீழ இருக்குறவன படம் பாக்குதான்னு கேட்டீங்க. பாட்டு பாக்குது பாஸ். என்கிட்ட சூப்பர் ஃப்ளை பாட்டு ஆல்பம் இருக்கு, பழைய ரெக்கார்டு கடையில அட்டை கிழிஞ்சு கிடந்தத வாங்கினது, எழுதிப் பாடினது கர்டிஸ் மேஃபீல்டு. அந்த வருஷம் பில்போர்டு இசைப் பட்டியல்ல முதல் இடத்துக்கு வந்த ஆல்பம் அது. படத்தோட ரஷ், அதாவது எடிட் பண்ணாத காட்சிங்கள போட்டு பாத்தப்ப கொகெய்னுக்கு விளம்பரம் எடுத்த மாதிரி இருக்கேன்னு தோணுச்சாம், அவரே பின்னாடி பேட்டியில சொல்லிருக்காரு. அதுக்கு பதிலு சொல்ற மாதிரிதான் பாட்டு எழுதினாரு. ஆல்பத்துல முதல் பாட்டே காட்டுத்தனமா ஓடித்திரியுற ஒரு சின்னப்பையனப் பத்தி, அம்மா அப்பா சரியில்லாத வீடு, ஏக்கம், அப்புறம் போதை. படமும் அந்தப் பாட்டோடதான் ஆரம்பிக்குது, ஹார்லம் தெருவுல ரெண்டு பேரு காசுக்காக அலையுறாங்க.

ஃப்ரெடி பாட்டு இன்னும் பெரிய விஷயம். படத்துல ஃப்ரெடிங்குறவன் ப்ரீஸ்ட்கிட்ட வேல பாக்குற குண்டு ஆளு, பயந்த சுபாவம். போலீஸ்கிட்ட மாட்டி அடி தாங்காம உளறிடுறான், தப்பிச்சு ஓடுறப்ப கார்ல அடிபட்டு செத்துடுறான். படம் அவனுக்காக நிக்கல, கதை மேல போயிட்டே இருக்கு. மேஃபீல்டு மட்டும் நின்னு ஃப்ரெடி செத்துட்டான், எல்லாரும் அவன உபயோகிச்சுக்கிட்டாங்க, யாருக்கும் அவன் நெனப்பே இல்லன்னு பாடுறாரு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா படத்துக்குள்ள அந்தப் பாட்டு வெறும் இசையா மட்டும்தான் வருது, வார்த்தையே கிடையாது. வார்த்தை வேணும்னா ரெக்கார்டுதான் வாங்கணும். அதாவது 1972ல தியேட்டருக்கு போனவன் பாதி உண்மையதான் கேட்டான், மீதி பாதி அவன் வீட்டு ரெக்கார்டு ப்ளேயர்ல இருந்துச்சு.

இன்னொண்ணு, சரக்கு விக்கிற இடத்துல அசையாத போட்டோவா வரிசையா போட்டு திரைய துண்டு துண்டா பிரிச்சு காட்டுவாங்களே, புஷ்ஷர்மேன் பாட்டு ஓடும். அத இன்னொரு தடவ பாருங்க. வாங்குறவங்கள்ல வெள்ளக்காரங்களும் இருக்காங்க, நல்லா உடுத்தினவங்க, உழைப்பாளிங்க, எல்லா ரகமும். நீங்க தேடுற ஆளு அங்க இருக்கான். ஆனா பாட்டு அவ்வளவு இழுவையா இருக்குறதால யாரும் முகத்த பாக்குறதில்ல, அது என் குறையும்தான், இருபது தடவ கேட்டப்புறம்தான் பாத்தேன்.

---

நைட்ட்யூட்டி_அக்கா எழுதியது:

தம்பிகளா, நான் இந்த தளத்துல படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. இதுக்கு எழுதாம இருக்க முடியல, ஏன்னா நான் பதினெட்டு வருஷமா நர்சு, காஃபி படத்துல வர்றவளும் நர்சு.

1973ல வந்தது, பாம் க்ரியர். 11 வயசு தங்கச்சி பவுடருக்கு அடிமையாகி புத்தி கலங்கி ஒரு இல்லத்துல கெடக்குறா. அக்காக்காரி அதுக்கு காரணமானவன ஒவ்வொருத்தனா தேடிப்போறா. படத்துல ஆபாசம் இருக்கு, பொண்ணுங்க ஒருத்தருக்கொருத்தரு தலமுடி புடிச்சு சண்ட போட்டு துணி கிழிக்கிறது இருக்கு, அது யாரு பாக்குறதுக்காக எடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும், அத நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா முதல் கொல பண்ணிட்டு நேரா ட்யூட்டிக்கு வர்றா பாருங்க. ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிறா, கவனம் நிக்கல, டாக்டர் கடிஞ்சுக்குறாரு. அந்த முகத்த எனக்குத் தெரியும். வீட்டுல ஒரு இழவ வச்சுக்கிட்டு தியேட்டர்ல ட்ரே புடிச்சிட்டு நின்ன நாளு எனக்கும் உண்டு, யாருகிட்டயும் சொல்லல. ஷாஃப்ட்டோ ப்ரீஸ்ட்டோ மறுநாள் காலையில வேலைக்கு போகணும்ங்குற கவல இல்லாதவங்க. இவ சம்பளத்துக்கு வேல பாக்குறவ.

நள்ளிரவு தம்பி கேட்டதுக்கு பதிலும் இங்கதான் இருக்கு. இந்தப் படத்துல கீழ இருக்குறவதான் ஆரம்பமே. அந்தச் சின்னப்பொண்ணுல இருந்து நூல் புடிச்ச மாதிரி மேல போறா. தெருவுல விக்கிறவன், அப்புறம் மாமா, அப்புறம் மாஃபியாக்காரன், லஞ்சம் வாங்குற போலீசு. உச்சியில யாருன்னா அவளோட காதலனே, ஹோவர்ட் ப்ரன்ஸ்விக்னு அரசியல்வாதி, காங்கிரசுன்னு சொல்ற அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு தேர்தல்ல நிக்கிறவன். மைக்க புடிச்சா போதப்பொருளு வெள்ள அதிகாரம் நம்ம ஜனங்கள அழிக்கிற ஆயுதம்னு பேசுவான், பேசுறது அத்தனையும் சரியா இருக்கும். பின்னாடி அதே வியாபாரத்துல பங்கு. கடைசியில கடற்கரை வீட்டுல மாட்டிக்கிட்டப்புறம்கூட, நான் மேல போனாத்தான் நம்ம ஜனங்களுக்கு நல்லது பண்ண முடியும்னு அவகிட்ட பேசிப்பேசியே சரிக்கட்டப் பாக்குறான். அவளுக்கும் மனசு எளகுது, துப்பாக்கி எறங்குது. அந்த நேரம் பாத்து உள்ள ரூம்ல இருந்து ஒரு வெள்ளக்காரி எட்டிப்பாக்குறா. அப்புறம் என்ன நடக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

ஒரு சீன் மட்டும் என்னால முழுசா பாக்க முடியல. கிங் ஜார்ஜ்னு ஒரு மாமாப்பய, படத்துல அவனும் கெட்டவன்தான். மாஃபியாக்காரனுங்க அவன் கழுத்துல கயிறு போட்டு கார்ல கட்டி இழுத்துட்டுப் போவானுங்க. வெள்ளக்காரக் கும்பல் கறுப்பினத்தவங்கள தூக்குல தொங்கவிட்டுக் கொன்ன ஊரு, அமெரிக்காவுல கயிறுன்னா என்னன்னு அந்த ஊரு கறுப்பின ஜனங்களுக்கு சொல்லவே வேண்டாம். அவன் செஞ்ச தப்புக்கு தண்டனை குடுக்குற மாதிரியே இல்ல அது, கறுப்பனா பொறந்ததுக்கு குடுக்குற மாதிரி இருக்கு. எல்லாரும் ஒரே கூட்டாளிங்கன்னு வியாபாரம் பண்ணுனவனுங்க, ஒருத்தன தீத்துக்கட்டணும்னு வந்ததும் எங்க போய் நிக்கிறானுங்க பாருங்க.

---

ஒத்தவிளக்கு எழுதியது:

அக்கா, ரொம்ப நல்லா எழுதுனீங்க, இனிமே படிக்கிறதோட நிறுத்தாதீங்க.

நான் பிளாக் சீசருக்காக வாதாட வர்றேன், பழுப்பு அண்ணன் இயக்குனர் வெள்ளக்காரருன்னு ஒரே வரியில தள்ளிட்டாரு. 1973, ஃப்ரெட் வில்லியம்சன், இசை ஜேம்ஸ் ப்ரவுன். டாமி கிப்ஸ்னு ஷூ பாலிஷ் போடுற பையன், மாமூல் பணத்த போலீஸ்காரன் மெக்கின்னிகிட்ட கொண்டுபோய் குடுக்குறான். 50 டாலர் குறையுதுன்னு சொல்லி அந்தாளு அவன் கால உடைச்சிடுறான். வளந்து பெரிய தாதாவானப்புறமும் அந்தக் கால் நொண்டுது, படம் பூரா நொண்டுது. ஒரு போலீஸ்காரன் ஒரு நிமிஷத்துல செஞ்ச காரியத்த ஒருத்தன் சாகுற வரைக்கும் சுமக்குறான்னு வசனமே இல்லாம சொல்லுது.

எனக்குப் புடிச்ச சீன் அம்மா சீன்தான். அவங்க அம்மா ஒரு பணக்கார வக்கீல் வீட்டுல வீட்டுவேல செய்யுறவங்க. டாமி அந்த வக்கீல மடக்கி அந்த வீட்டையே, உள்ள இருக்குற துணிமணி சாமானோட வாங்கிடுறான். அம்மாவக் கூப்பிட்டு இந்தா இது உன் வீடுங்குறான். அந்தம்மா சந்தோஷப்படல, நடுங்கிப் போயிடுறாங்க. இந்தக் கட்டிடத்துல நம்மள எல்லாம் இருக்க விடமாட்டாங்கடா, நான் இங்க என்ன செய்யுறதுன்னு கேக்குறாங்க. அவன் பணத்தால சுவர வாங்கிட்டான், அந்த சுவருக்குள்ள அம்மாவ உக்கார வைக்க முடியல.

கடைசியில அதே மெக்கின்னி துப்பாக்கிய நீட்டி ஷூவ தொடைடாங்குறான். டாமி திருப்பி அடிச்சு, ஷூ பாலிஷ எடுத்து அந்தாளு மூஞ்சியில கறுப்பா பூசி, மேம்மி பாட்ட பாடச் சொல்றான். ஆல் ஜால்சன்னு வெள்ளக்கார நடிகர் மூஞ்சியில கறுப்பு பூசிக்கிட்டு பாடின பாட்டு அது. அம்பது வருஷத்துக்கு மேல மேடையிலயும் சினிமாவுலயும் கறுப்பினத்தவங்கள கேலி பண்ணின வித்தை மொத்தத்தையும் ஒரு பாலிஷ் டப்பாவுல அடச்சு திருப்பிக் குடுக்குறான். அப்புறம் அவன் போய் சேர்ற இடம், சின்ன வயசுல வாழ்ந்த, இப்ப இடிஞ்சு கெடக்குற கட்டிடம். அங்க சுத்துற சின்னப்பசங்க கூட்டம், அவன மாதிரியே இருந்த பசங்க, அவங்கதான் அவன அடிச்சுப் போடுறாங்க. ஆனா அமெரிக்காவுல தியேட்டர்ல போட்டப்ப இந்த முடிவ வெட்டிட்டாங்க, அடுத்த பாகமும் எடுத்துட்டாங்க. அந்த வெட்டுலதான் உங்க கேள்விக்கு பதில் இருக்கு நள்ளிரவு_ஷோ. எடுத்தவருக்கு அரசியல் இருந்துச்சு, ஹீரோ சாகாம இருந்தாத்தான் காசுன்னு கல்லாப்பெட்டி நெனச்சுது.

---

பனிக்காலப்பறவை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச டொராண்டோவில இருந்து எழுதுறன். நீங்கள் எல்லாரும் தனி ஆள் பழிவாங்கிற படங்களைத்தான் கதைக்கிறியள், ஒரு படத்தை விட்டிட்டியள். த ஸ்பூக் ஹூ சாட் பை த டோர், 1973. சாம் க்ரீன்லீ எழுதின நாவல், இயக்கினது ஐவன் டிக்ஸன், இசை ஹெர்பி ஹேன்காக். இதில ஹீரோ தனிய வெல்ல வெளிக்கிடேல்ல, ஒரு படையையே கட்டுறான்.

ஒரு செனட்டருக்குத் தேர்தலில கறுப்பின வாக்கு வேணும். அதுக்காக அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயில கறுப்பினத்தவரே இல்லை எண்டு ஒரு பிரச்சினையைக் கிளப்புறார். ஆக்களை எடுக்கினம், பயிற்சியில எல்லாரும் கழிஞ்சு கடைசியா மிஞ்சிறது டான் ஃப்ரீமன் எண்ட ஒரே ஒரு ஆள். அவனுக்கு என்ன வேலை குடுத்தவை தெரியுமோ? நிலவறையில ஃபோட்டோகாப்பி எடுக்கிற பகுதிக்குப் பொறுப்பு. பெயர் மட்டும் பெரிய பெயர். விருந்தினர் வந்தால் கூட்டிக்கொண்டு போய்ச் சுத்திக் காட்டிறதும் அவன்தான், எங்களிட்டையும் ஒரு கறுப்பர் இருக்கிறார் எண்டு காட்ட வேணுமெல்லோ. வாசலுக்குப் பக்கத்தில இருத்தி வைக்கிற அந்த ஆள்தான் படத்தின்ர தலைப்பு. அஞ்சு வருசம் பொறுமையா இருந்து எல்லாத்தையும் படிச்சுப்போட்டு சிகாகோவுக்குத் திரும்பி வந்து, தெருவில திரியிற கோப்ராஸ் எண்ட கூட்டத்துப் பெடியங்களைக் கெரில்லாப் படையா மாத்துறான்.

அவன் அந்தப் பெடியங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற ஒரு பாடம் என்ர மண்டையை விட்டுப் போகேல்ல. துடைப்பமோ தட்டமோ கையில வைச்சிருக்கிற ஒரு கறுப்பு மனிசன் இந்த நாட்டில எங்கையும் போகலாம், ஒருத்தரும் கேளாயினம், சிரிச்சுக்கொண்டு நிண்டால் கண்ணுக்கே தெரியமாட்டான். அதைச் செய்தும் காட்டுறாங்கள், ஒரு பெரிய ஆளின்ர அலுவலகத்துக்குள்ள துப்புரவு செய்யிற ஆள் மாதிரிப் போய் அந்தாளின்ர பைப்புகளையே தூக்கிக்கொண்டு வாறாங்கள். நானும் இஞ்ச வந்த புதுசில ரெண்டு வருசம் இரவில அலுவலகக் கட்டிடம் கூட்டித் துடைச்சனான். பிந்தி நிண்டு வேலை செய்யிற ஆக்கள் என்னைப் பாக்காமலே என்னைத் தாண்டிப் போவினம். அந்தக் காட்சியில நான் எழும்பி உக்காந்திட்டன்.

சிகாகோவில மேயர் டேலி அனுமதி குடுக்கேல்ல, பக்கத்தில இண்டியானாவில கேரி எண்ட நகரத்திலதான் கூடுதலா எடுத்தவை. அங்க அப்ப மேயரா இருந்தவர் ரிச்சர்ட் ஹேட்சர், கறுப்பினத்தவர், அதால எல்லா உதவியும் கிடைச்சது. காசும் கறுப்பின மக்களிட்டை சேர்த்த காசுதான் கனக்க. யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டுக் கொஞ்ச நாளில தியேட்டர்களில இருந்து படம் காணாமப் போயிட்டுது. எஃப்பிஐ தான் காரணம் எண்டு க்ரீன்லீ சொல்லிக்கொண்டே இருந்தவர். 2004ல டிவிடி வரும் வரைக்கும் கள்ளக் கொப்பிகளிலதான் சனம் பாத்தது. 2012ல அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில சேர்த்தவை. ப்ரீஸ்ட் காசோட போனால் படம் ஓடும், ஃப்ரீமன் படை கட்டினால் படம் ஓடாது. பழுப்பு அண்ணா சொன்ன கல்லாப்பெட்டிக் கணக்கை இதோட சேர்த்துப் பாருங்கோ.

---

பழுப்புக்காகிதம் எழுதியது:

@பனிக்காலப்பறவை, தல வணங்குறேன். ஸ்பூக் படத்த நான் க்ரைம் படம்னு கணக்குலயே எடுத்துக்கல, தப்பு என்னோடது. @ஒத்தவிளக்கு அம்மா சீன் விஷயத்துல நான் ஒத்துக்குறேன், வெள்ளக்காரரு எடுத்தாருங்குறதுக்காக அந்த சீன் பொய்யாயிடாது.

ஒரு விஷயம் சேக்கணும். இந்தப் படங்கள்ல போலீஸ் அதிகாரியே பவுடர் வியாபாரத்துக்கு தலைவனா வர்றது கற்பனைன்னு இப்ப பாக்குறவங்களுக்கு தோணலாம். சூப்பர் ஃப்ளை வந்தது 1972 ஆகஸ்ட்ல. அப்ப நியூயார்க்ல நாப் கமிஷன் போலீஸ் லஞ்சத்த விசாரிச்சு முடிக்கிற கட்டத்துல இருந்துச்சு, ஃப்ராங்க் செர்பிகோன்னு ஒரு போலீஸ்காரரு உள்ள இருந்தே வெளிய சொன்னதால வந்த கமிஷன். அந்த அறிக்கையில லஞ்சம் வாங்குறவங்கள ரெண்டு சாதியா பிரிச்சாங்க, வர்றத வாங்கிக்கிறவன் புல் தின்னி, தேடிப்போய் புடுங்குறவன் கறி தின்னி. அதே வருஷம் டிசம்பர்ல இன்னொண்ணும் வெளிய வந்துச்சு, பிரான்ஸ்ல இருந்து கடத்தி வந்த ஹெராயின் பத்தின ஃப்ரெஞ்ச் கனெக்ஷன் வழக்குல புடிச்சு போலீஸ் கிடங்குல பூட்டி வச்சிருந்த ஹெராயின் காணோம், அந்த இடத்துல மாவு இருக்கு. அதாவது படம் வந்து நாலு மாசத்துல நகரமே படத்து பின்னாடி ஓடி வந்துடுச்சு. ஹார்லம்காரங்களுக்கு அது செய்தியே கிடையாது, அவங்க வீட்டு வாசல்ல தினம் பாத்தது.

1974ல வந்த த்ரீ த ஹார்ட் வேயும் அப்படித்தான். கறுப்பினத்தவங்கள மட்டும் கொல்லுற விஷத்த மூணு நகரத்து குடிதண்ணியில கலக்க ஒரு வெள்ள இனவெறிக் கூட்டம் திட்டம் போடுதுன்னு கதை. கேட்டா சிரிப்பாங்க. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி, 1972 ஜூலையிலதான் டஸ்கீகி வெளிய வந்துருந்துச்சு. அலபாமாவுல 399 கறுப்பின ஆம்பளைங்களுக்கு சிஃபிலிஸ் இருக்குன்னு தெரிஞ்சே, பென்சிலின் வந்தப்புறமும் மருந்து குடுக்காம, 1932ல இருந்து 40 வருஷம் அரசாங்க சுகாதாரத்துறையே வேடிக்க பாத்துச்சு. அந்த ஜூலையில பேப்பர் படிச்ச ஒருத்தர் தியேட்டர்ல உக்காந்து அந்தப் படத்த பாத்தப்ப அவருக்கு அது மிகையா தெரிஞ்சிருக்குமா?

---

செங்காந்தள் எழுதியது:

சின்னதா ஒண்ணு. ஸ்வீட்பேக் படத்துக்காக பிளாக் பாந்தர்ங்குற கறுப்பின விடுதலைக் கட்சிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஹியூ நியூட்டன் கட்சிப் பத்திரிகையில ஒரு முழு இதழையே ஒதுக்கினாரு, கட்சிக்காரங்க கட்டாயம் பாக்கணும்னு சொன்னாங்க. எபனிங்குற கறுப்பினத்தவங்க பத்திரிகையில லெரோன் பென்னட் அதே படத்த கிழிச்சு எழுதினாரு, படுக்கையறையில விடுதலை கிடைக்காதுன்னு. ரெண்டு பேருமே கறுப்பின மக்கள் மேல உயிரா இருந்தவங்க. 1972ல பம்பாய்ல நாம்தேவ் தசாலும் கூட்டாளிகளும் தலித் பாந்தர்னு ஆரம்பிச்சாங்களே, அந்த பாந்தர் இந்த பாந்தர்கிட்ட இருந்து வந்த பேருதான், நம்ம ஊரு சிறுத்தைகள் வரைக்கும் அந்தப் பேரு நடந்து வந்துருக்கு. அதனால இயக்கத்துக்காரங்கள திரையில எப்படி காட்டுறாங்கன்னா எனக்கு வலிக்குது. சூப்பர் ஃப்ளையில காசு கேட்டு வந்து அவமானப்பட்டு போறாங்க, ஷாஃப்ட்ல ஒரு தாதா மகள மீட்க ஆள் அனுப்புறாங்க. 1969 டிசம்பர்ல சிகாகோவுல பிளாக் பாந்தர் தலைவரு ஃப்ரெட் ஹாம்ப்டன போலீஸ்காரங்க படுக்கையிலயே சுட்டுக் கொன்னாங்க, 21 வயசு. பசிச்ச புள்ளைங்களுக்கு காலையில சாப்பாடு போட்ட ஆளுங்க அவங்க. அந்த சாப்பாட்டு வரிசைய இந்தப் பதினாலு படத்துல எதுலயாவது பாத்தீங்களா தோழர்?

---

நள்ளிரவு_ஷோ எழுதியது:

@செங்காந்தள் தோழர், இல்ல. பதினாலுலயும் இல்ல.

எல்லாரும் எழுதினத படிச்சிட்டு நேத்து ராத்திரி ரெண்டு படம் திரும்ப போட்டேன். முதல்ல அக்ராஸ் 110த் ஸ்ட்ரீட், 1972. ஹார்லம்ல மூணு பேரு மாஃபியாவோட 3,00,000 டாலர கொள்ளையடிச்சிடுறாங்க, ஒரு பக்கம் மாஃபியா துரத்துது, இன்னொரு பக்கம் போலீசு, அதுல ஆண்டனி க்வின் லஞ்சம் வாங்கிப் பழகின வெள்ளக்கார கேப்டன், யாஃபெட் கோட்டோ படிச்ச கறுப்பின லெஃப்டினன்ட். கொள்ளையடிச்ச ஜிம் ஹாரிஸ் கட்டிடத்துல துப்புரவு வேல செய்யுறவன், வலிப்பு நோய்க்காரன். அவனோட காதலி அவன்கிட்ட ஏன் இத செஞ்சேன்னு அழுறா. எனக்கு 42 வயசு, ஜெயிலுக்கு போனவன், படிப்பில்ல, தொழில் தெரியாது, உடம்புல நோய் வேற, கார் கழுவுறத தவிர எனக்கு எவன் என்ன வேல குடுப்பான்னு அவன் கத்துறான். எடி சொன்ன அதே கணக்குதான், ஆனா எடி சொல்றப்ப பின்னாடி கலர் டிவி இருக்கு, ஜிம் சொல்றப்ப ஒண்ணுமே இல்ல. கடைசியில மாடியில குண்டடிபட்டு சாகுறப்ப, பணப்பைய கீழ விளையாடிட்டு இருக்குற புள்ளைங்க பக்கம் வீசுறான். வெள்ளக்காரரு எடுத்த படம்னு நானும் இத ரெண்டாம்பட்சமா வச்சிருந்தேன்.

அப்புறம் சூப்பர் ஃப்ளை ஆரம்பத்த போட்டேன். வினைல் சொன்ன அந்த ரெண்டு பேரு தெருவுல நடந்து வர்றாங்க, பாட்டு ஓடுது. அவங்கதான் ப்ரீஸ்ட்ட வழிமறிச்சு பணத்த புடுங்குறாங்க. அவன் ஒருத்தன துரத்துறான், சந்து, மாடிப்படி, குப்பை, முள்வேலி, நீளமான துரத்தல், முதல் தடவ நான் ஓட்டத்த மட்டும்தான் பாத்தேன். அந்தாளு ஓடிப் போய் நுழையுறது அவன் சொந்த வீடு. உள்ள பொண்டாட்டி புள்ளைங்க. ப்ரீஸ்ட் பின்னாடியே உள்ள வந்து அவங்க முன்னாடியே அவன மிதிக்கிறான், அந்தாளு தரையில வாந்தி எடுக்குறான்.

நான் இழையோட முதல் பதிவுல கேட்டேனே, சரக்கு வாங்கினவன் எங்க, அவன் வீடு என்னாச்சுன்னு. படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அவன் வீட்டுக்குள்ள கூட்டிட்டு போயிருக்காங்க. நான் ப்ரீஸ்ட் போட்டிருந்த கோட்ட பாத்துட்டு இருந்துருக்கேன். அக்கா, அடுத்து காஃபிய திரும்ப பாக்கப் போறேன், அந்த ஆபரேஷன் தியேட்டர் சீனுக்காக.

---

நைட்ட்யூட்டி_அக்கா எழுதியது:

பாரு தம்பி. தங்கச்சிய பாக்க அந்த இல்லத்துக்கு போற சீனும் இருக்கு, சின்னதுதான், வேகமா போயிடும். அந்தப் பொண்ணோட முகத்த மட்டும் பாரு. எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு, காலையில வந்து படிக்கிறேன்.